ஆண்ட பரம்பரையும் வேண்டாம், பட்டாளப் பரம்பரையும் வேண்டாம்

கொங்கு மண்டலத்தில் ஆடி 18 நெருங்கினால் சாலையோரத்தில் வாளுக்குப் பஞ்சமிருக்காது. பல்லடம், காங்கேயம், பெருந்துறை என்று எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் ஃபிளெக்ஸில் குதிரை பாயும், மீசை துடிக்கும், அடியில் ஊர் இளைஞர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் வரிசை கட்டும். தீரன் சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்று 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். அவரை நினைவுகூர்வதில் நமக்கு என்ன மறுப்பு? ஆனால் அந்த ஃபிளெக்ஸில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி எதிர்ப்பு இல்லையே. 'ஆண்ட பரம்பரை' என்ற இரண்டே சொல். அந்தச் சொல் என்றோ செத்துப்போன கம்பெனிக்காரனுக்காக அச்சடிக்கப்படவில்லை. ஊருக்கு வெளியே காலனியில் இருப்பவன் படிக்கட்டும் என்றுதான் அச்சடிக்கப்படுகிறது. அதே சின்னமலையோடு நின்றவராக மக்கள் நினைவில் வாழும் பொல்லானுக்கு ஒரு மணிமண்டபம் கேட்டு அருந்ததியர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் மனுவோடு அலைய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வீர வழிபாட்டின் லட்சணம் புரிந்துவிடும்.

இதற்குப் பதிலடியாக நம் பக்கத்திலும் சில தோழர்கள் ஃபிளெக்ஸ் அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்களும் ஆண்டவர்கள்தான், நாங்களும் போர்க்குடிதான் என்று. ஒரு கருத்தரங்கில் என் ஆய்வைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கியபோது ஒரு தம்பி வந்து, "அக்கா, உங்க அப்பாரு போட்டோ இருந்தா குடுங்க. பட்டாள வீரர் பரம்பரைன்னு காலண்டர்ல போட்ரலாம்" என்றார். அன்பாகத்தான் கேட்டார். நான் தரவில்லை. ஏன் தரவில்லை என்று அங்கே நின்றபடி சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் ஃபிட்டர். அவினாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் பறையர் வளவு எங்களுடையது. சேப்பர்ஸ் என்றால் பட்டாளத்தின் பொறியாளர் படை. சண்டைக்குப் போகிறவனுக்கு முன்னால் போய்க் கண்ணிவெடி எடுப்பது, ஆற்றில் பாலம் போடுவது, மலையில் சாலை வெட்டுவது, எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பது இவர்கள் வேலை. ஹைதர் அலியோடு நடந்த போரின்போது, 1780இல், மெட்ராஸில் இரண்டு கம்பெனி பயனியர்களைத் திரட்டியதிலிருந்து இந்தப் படையின் கதை தொடங்குகிறது. இன்று பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் இருக்கிறது. இந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் 'தம்பி'. தம்பி என்று கூப்பிடலாம், சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. வசதியான பெயர்.

எங்கள் வீட்டில் மிஞ்சியவை ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், ஒரு மங்கிய போட்டோ, நான்கு பதக்கங்கள். பதக்கங்கள் மிஞ்சியதற்குக் காரணம் பக்தி இல்லை. 60களில் ஒரு பஞ்சத்தில் அப்பத்தா அவற்றை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். வெள்ளி இல்லை என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடைக்காரருக்கு என் ஆய்வேட்டில் நன்றி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் என் தேடல் தொடங்கியதே பதக்கத்திலிருந்துதான். அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்கு எண், பெயர், படை எல்லாம் பொறித்துக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் அப்பாருவின் பாதையைச் சொல்லின. சர்டிபிகேட் மீதியைச் சொன்னது. தொழில்: ஃபிட்டர். நடத்தை: மிக நன்று. வகுப்பு: ஆதிதிராவிடர்.

அவர் இருந்தது 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. நான்காவது இந்திய டிவிஷனின் பட்டறை என்று அதைச் சொல்லலாம். அந்த டிவிஷன் 1941 மார்ச்சில் எரித்ரியாவில் கெரன் மலைகளைப் பிடித்தது. பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனம். 1944 பிப்ரவரி, மார்ச்சில் இத்தாலியில் மொந்தே காசினோ. காசினோ மலையின் பின்பக்கமாக டாங்குகள் ஏறுவதற்கு ஒரு பாதையை, கேவண்டிஷ் ரோடு என்று பெயர், அந்த டிவிஷனின் சேப்பர்களும் நியூசிலாந்து சேப்பர்களும் சேர்ந்து எதிரியின் கண்ணெதிரே வெட்டினார்கள். அதே ஆண்டு இத்தாலியில் மிஞானோ அருகே சுபேதார் சுப்பிரமணியன் என்ற மெட்ராஸ் சேப்பர் கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு மூடிக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பில் ஒரு தமிழ்ப் பாடத்திலும் ஒரு வரலாற்றுப் பாடத்திலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

இத்தனையும் எனக்குத் தெரிந்தது டிவிஷனின் கதையாகத்தான். அப்பாருவின் கதையாக இல்லை. இங்கேதான் ஆவணம் என்கிற சமாச்சாரம் தன் வேலையைக் காட்டுகிறது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் வழக்கம் என்ன தெரியுமா? அதிகாரி காய்ச்சலில் படுத்தால் பெயரோடு எழுதுவார்கள். சிப்பாய் செத்தால் எண்ணிக்கையாக எழுதுவார்கள். 'ஐ.ஓ.ஆர். இத்தனை பேர்.' இந்தியன் அதர் ரேங்க்ஸ், மற்ற பதவியினர். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸுக்கும் சுருக்கம் ஐ.ஓ.ஆர்.தான். முதல் ஐ.ஓ.ஆரைத் தேடிக்கொண்டு இரண்டாவது ஐ.ஓ.ஆருக்குள் போனால் கிடைப்பது பிரிட்டிஷ் அதிகாரியின் பணிக்கோப்பு. கர்னல் இ.டபிள்யூ.சி. சாண்டெஸ் இந்தப் பொறியாளர் படைகளைப் பற்றித் தடிதடியாகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார், ஒன்று 1948இல், இன்னொன்று 1956இல். உழைப்பான மனிதர்தான். அந்தப் புத்தகங்களில் பாலத்துக்கு நீளம் உண்டு, தேதி உண்டு, கட்டச் சொன்ன மேஜருக்குப் பெயர் உண்டு.

இது போர் முடிந்து நூல் எழுதும்போது நேர்ந்த கவனக்குறைவா? கல்லில் வெட்டும்போதே இப்படித்தான் செய்தார்கள். முதல் உலகப்போரில் மெசபொடேமியாவில் இறந்தவர்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைவாரியாக எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஒரு அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: முதல் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயராலேயே நினைவுகூரப்படவில்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள்.

ஆனால் அந்த வெள்ளை ராணுவம் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் எழுதியது. சாதியை. ஆளெடுக்கும்போதே எழுதியது, எந்தச் சாதிக்கு எந்த வேலை என்று கணக்கும் போட்டது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியானார். வடக்கே இருப்பவன் வீர இனம், தெற்கே இருப்பவன் போருக்கு ஆகாதவன் என்பது அவர் கட்சி. 1897இல் வந்த தன் சுயசரிதையிலும் அதைக் கூசாமல் எழுதினார். மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தலித்துகளுக்குக் காலாட்படையின் கதவு சாத்தப்பட்டது. ஆனால் சேப்பர்ஸும் பயனியர்ஸும் தப்பின. தோண்டவும் சுமக்கவும் ஆள் வேண்டுமே. வீரம் சிலருக்குப் பிறப்பிலேயே உண்டு, சிலருக்குப் பிறப்பிலேயே மண்வெட்டிதான் உண்டு என்பதை மனுவிடம் கற்றார்களா, தாங்களே கண்டுபிடித்தார்களா தெரியாது, பொருத்தமாக வந்துசேர்ந்தது.

பம்பாய்ப் பக்கம் மகர்களுக்கும் இதுதான் நடந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதார் மேஜர், ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ராணுவத்தில் படைவீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்ததால்தான் மகர்களிடையே எழுத்தறிவு வந்தது என்று அம்பேத்கர் எழுதினார். இந்தத் தேசத்தை வெள்ளையன் பிடிக்க உதவிய தீண்டப்படாதவர்களைப் பிடித்து முடித்ததும் வெளியே தள்ளினான் என்றும் அவரேதான் எழுதினார். ஆள் தட்டுப்பாடு வந்தால் கதவு திறக்கும். 1917இல் 111ஆவது மகர் படை வந்தது, 1921இல் கலைத்தார்கள். 1941இல் மகர் ரெஜிமென்ட். 1943இல் சமார் ரெஜிமென்ட், 1946இல் அதுவும் கலைந்தது. ஆகவே 'வெள்ளைக்காரன் நம்மை மதித்தான்' என்று உருகும் தோழர்கள் கொஞ்சம் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும். அவன் நம் கையை மதித்தான், கை தேவைப்பட்ட வரைக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: வெள்ளைக்காரனின் கூலிப்படைதானே உங்கள் தாத்தா? வரட்டும். மெட்ராஸ் சேப்பர்ஸ் 1860இல் சீனாவிலும், 1868இல் அபிசீனியாவிலும், 1885இல் பர்மாவிலும் ஏகாதிபத்தியத்துக்காகப் பாதை போட்டது உண்மை. அப்பாருவின் டிவிஷனையே 1944 கடைசியில் கிரீஸுக்கு அனுப்பினார்கள். அங்கே அதுவரை நாஜிகளை எதிர்த்துப் போராடிய இடதுசாரி கெரில்லாக்களின் மேல் பிரிட்டிஷ் துப்பாக்கி திரும்பியது. இதையெல்லாம் மறைத்துக்கொண்டு நான் அவருக்கு மாலை போட முடியாது. ஆனால் கேட்பவரிடம் ஒரு கேள்வி. அதே போரில் ராணுவத்துக்குத் துணி தேவைப்பட்டபோது கோவை மில்கள் இராப்பகலாக ஓடினவே, அந்த மில் முதலாளிகளை எந்த மேடையிலாவது யுத்தத் தரகர் என்று சொல்லியிருக்கிறீர்களா? அவர்கள் பெயரில் சாலை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. அந்த மில்களில் உரிமை கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குச் சின்னியம்பாளையத்தில் சாட்சி இருக்கிறது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் நான்கு தொழிலாளிகள் தூக்கிலிடப்பட்டார்கள். 20 ரூபாயைக்கூடத் தொடாத தொடக்கச் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவன் மட்டும் கூலி. ஏன் சேர்ந்தான் என்று கேட்க மாட்டீர்கள். பண்ணயத்தில் வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, சோளம் என்று பேசிப் படியாளாகக் கட்டுப்பட்டுக் கிடந்தவனுக்குப் பெங்களூர் போகும் ரயில் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்க மாட்டீர்கள்.

இனி அவர் செய்த வேலைக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் அதுதான். காலண்டர் தம்பிக்குப் புரியாமல் போனதும் அதுதான்.

இத்தாலியில் ஆறுகளைத் தாண்டியது பெய்லி பாலத்தால். ஒரு சட்டம் 10 அடி நீளம், 5 அடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். சட்டத்தைச் சட்டத்தோடு ஆணி கோத்து, கரையிலேயே உருளைகளின் மேல் பாலத்தைக் கட்டி, முன்னால் எடை குறைந்த மூக்கு ஒன்றைச் சேர்த்து, அப்படியே அக்கரைக்குத் தள்ளுவார்கள். எவ்வளவு எடைக்கு எத்தனை அடுக்கு, மூக்கு எவ்வளவு நீளம், பின்னால் எவ்வளவு பாரம் இருந்தால் ஆற்றில் கவிழாது என்று கணக்குத் தெரிய வேண்டும். இரவில், விளக்கில்லாமல், குண்டு விழும்போது தெரிய வேண்டும். அப்பாருவின் சொந்த வேலை பம்பு. பாலைவனத்தில் தண்ணீர் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில், கிணற்றில் குழாய் இறக்கி, என்ஜின் பூட்டி, தொட்டிக்கு ஏற்றி, சுத்தம் செய்து, லாரிகளில் நிரப்பும் நீர்நிலையங்களில் என்ஜின் நின்றுபோகாமல் பார்ப்பது. "இத்தாலியில பனி பேஞ்சா பம்பு ஒறைஞ்சு போயிரும், ராத்திரி பூராத் தீ மூட்டிக் காவல் உக்காந்திருப்போம்" என்று அவர் சொன்னதை அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் ஏற்றிய தண்ணீரைக் குடித்தவர்களில் இங்கிலாந்துக்காரன் இருந்தான், பஞ்சாபி இருந்தான், ராஜபுத்திரன் இருந்தான்.

1946இல் ஊருக்கு வந்தார். எங்கள் ஊர்ச் சேந்துகிணற்றில் எங்கள் ஆட்கள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் தண்ணீர். டிவிஷனுக்கே தண்ணீர் ஏற்றியவர் அந்த வரிசையில் நின்றார். பூட்ஸை ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தாராம். பண்ணாடி திண்ணையில் உட்கார்ந்தபடி, "என்றா, பட்டாளத்துல சோறெல்லாம் நல்லாப் போட்டானா? சரி, நாளைக்குத் தோட்டத்துக்கு வந்துரு" என்றாராம். "வாரேனுங்க சாமி" என்றாராம் அப்பாரு. ஆறு வருடப் போர் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு அரசிடம் இருந்தது. மனு மணியகாரர் வழியாகவும் கணக்குப்பிள்ளை வழியாகவும்தான் போக வேண்டும். போனது. திரும்பி வரவில்லை. அந்தப் பரம்பரைப் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அப்போது அப்பாருவுக்கு அறுபது வயது.

தோட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு முறை பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலை கேட்டுப் போயிருக்கிறார், சர்டிபிகேட்டோடு. எந்த ஊர் என்று கேட்டார்கள், பிறகு ஊரில் எந்த வளவு என்று கேட்டார்கள். கரி அள்ளும் வேலை இருப்பதாகச் சொன்னார்கள்.

கோவை எப்படிப்பட்ட ஊர்? 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்த ஊர். பம்பு செட்டுக்கு இந்தியா முழுக்கப் பெயர் போன ஊர். ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காமல், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றார் என்று பெருமையோடு சொல்லும் ஊர். அந்தப் பெருமை நியாயமானது, நாயுடுவைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே தொழில்நுட்பக் கல்லூரி வந்ததில் அவர் பங்கு பெரியது. ஆனால் பிரித்துப் பார்க்க ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, பட்டறை போட இடம் யார் கொடுத்தது, முதல் கடனுக்கு யார் ஜாமீன் நின்றது, செய்த பொருளை நம்பி வாங்கியவன் யார் என்றும் கேட்க வேண்டாமா? எங்கள் அப்பாருவும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர். பட்டாளம் சோதித்துச் சான்று கொடுத்த ஃபிட்டர். மோட்டார் உற்பத்தி முளைத்துக்கொண்டிருந்த அதே ஊரில், அதே ஆண்டில், பம்பு தெரிந்த அந்த மனிதர் கவலை ஓட்டப் போனார்.

திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி ஷரத் சாரி 2004இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே உள்ள கவுண்டர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்கெல்லாம் ஒரே விளக்கமாக 'உழைப்பு' என்ற சொல்லைச் சொல்வதை அதில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நாங்கள் காட்டில் பாடுபட்டோம், தறியில் பாடுபட்டோம், அதனால் முன்னேறினோம். சரி, பாடுபட்டீர்கள், மறுக்கவில்லை. உங்கள் காட்டில் உங்களைவிட நேரம் பாடுபட்டவன் ஏன் முன்னேறவில்லை? உழைப்பு மூலதனமாக வேண்டுமென்றால் நடுவில் ஒன்று வேண்டும். நிலம் வேண்டும், சொந்தக்காரன் வேண்டும், சீட்டுப் பிடிக்க ஆள் வேண்டும், வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார உரிமை வேண்டும். இந்த நடுவில் இருப்பதன் பெயரைச் சொல்லாமல் 'உழைப்பால் உயர்ந்த கொங்கு' என்று புத்தகம் போடுகிறார்கள். சேப்பர் ஃபிட்டரின் வாழ்க்கையை நான் ஆய்வதற்குக் காரணம் அந்தப் பெயரைச் சொல்வதற்குத்தான். இதைவிடத் துல்லியமான சோதனை கிடைக்காது. திறமை இருந்தது, சான்று இருந்தது, உலக அனுபவம் இருந்தது, ஊரில் அந்தத் தொழிலுக்குத் தேவையும் இருந்தது. இல்லாதது எது?

நான் முதலில் படித்தது பொறியியல், பிறகுதான் வரலாற்றுக்கு வந்தேன். கல்லூரியில் முதல் வாரமே 'கோட்டா' என்ற சொல்லைக் காதுபடச் சொன்னார்கள். இன்ஜினியர் மூளை உங்கள் குடும்பத்தில் கிடையாதே, எப்படிச் சமாளிப்பாய் என்று ஒருத்தி உண்மையான அக்கறையோடு கேட்டாள். அவளுடைய குடும்பத்தில் அவளுடைய அப்பா தலைமுறைக்கு முன் இன்ஜினியர் யாரும் இல்லை. ரெட்டைமலை சீனிவாசன் கோவையில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்று மற்ற மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் சரிதையில் எழுதியிருக்கிறார். அது 19ஆம் நூற்றாண்டு. நான் ஒதுங்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் காலண்டர் வேண்டாம் என்கிறேன்? காரணம் எங்கள் வளவிலேயே இருக்கிறது. அப்பாரு பட்டாளத்துக்குப் போய்வந்த பிறகு எங்கள் ஆட்கள் பக்கத்திலிருக்கும் அருந்ததியர் குடும்பங்களைப் பார்த்து, "நாங்க பட்டாளத்து வம்சம், உங்களாட்டம் செருப்புத் தைக்கிறவீங்க இல்ல" என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். என் பெரியப்பா வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். ராபர்ட்ஸ் செய்த வீர இனப் பட்டியல் கடைசியில் அவினாசிப் பக்கத்தில் ஒரு பறையர் வளவின் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். பறையர் பட்டாளப் பரம்பரை என்று காலண்டர் அடித்தால் அதை மாட்டப்போகிற சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? பண்ணாடி அதைப் பார்த்து ஒருநாளும் அசரப்போவதில்லை. அருந்ததியர் பிள்ளைதான் அதைத் தினமும் பார்க்கும்.

சுவர் என்றதும் நடூர்தான் ஞாபகம் வருகிறது. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுவர் மழையில் சரிந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். எல்லோரும் தலித் மக்கள். இடிந்துவிடும் என்று முன்பே முறையிட்டிருந்தார்கள், தீண்டாமைச் சுவர் என்றும் சொன்னார்கள். மண் அழுத்தத்தையும் மழைநீரையும் தாங்காத ஒரு சுவரை அவ்வளவு உயரத்துக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று எந்தச் சேப்பருக்கும் தெரியும். கட்டியவர்களுக்கு உயரம் மட்டும் போதுமாக இருந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2018 ஜூலையில், எங்கள் அவினாசிப் பக்கமே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் அருந்ததியர் சமூகப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் திரண்டார்கள். அப்போது 'பட்டாளத்து வம்சம்' என்று பேசிய எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அந்த அம்மாவுக்காகப் போய் நின்றார்கள் என்று நான் விசாரித்தேன். விரல்விட்டு எண்ண ஒரு கை போதும்.

எனவே எனக்கு வீரப் பரம்பரை வேண்டாம். ஆண்டவன் என்று சொல்லிக்கொள்ள ஆளப்பட்டவன் ஒருவன் வேண்டும், வீர இனம் என்று சொல்லிக்கொள்ளக் கோழை இனம் ஒன்று வேண்டும். ஃபிட்டருக்கு அப்படி யாரும் கீழே வேண்டியதில்லை. பம்பு ஓட வேண்டும், அவ்வளவுதான். அப்பாருவின் கதையிலிருந்து நமக்கு வேண்டியது கணக்கு: பறிக்கப்பட்ட வேலை எவ்வளவு, வராமல் போன நிலம் எவ்வளவு, அதன் மேல் மூன்று தலைமுறையின் வட்டி எவ்வளவு. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்கிறவனிடம் வைக்க வேண்டிய ரசீது அது.

அந்த ரசீதுகள் இப்போது பெங்களூரிலும் லண்டனிலும் இருப்பதைவிட நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில்தான் அதிகம் இருக்கின்றன. என் குடும்பத்துக் காகிதத்தை வைத்து ஆய்வு செய்கிறேன் என்றபோது, ஒரு பேராசிரியர் 'இது ஆய்வு இல்லை, ஏக்கம்' என்றார். ஜமீன் குடும்பத்துக் கடிதங்களை வைத்து எழுதினால் அதற்குப் பெயர் மூல ஆவணம். எனவே இதைப் படிக்கும் தோழர்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போன பாட்டனோ பூட்டனோ இருந்தால் இந்த வேலையைச் செய்யுங்கள். வட்டப் பதக்கமாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள், நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். முதலில் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாமோ எழுதியிருப்பார்கள், எண் மாறாது. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை மடிப்பில் கிழியாமல் இரண்டு பக்கமும் படமெடுங்கள், 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் வயசான பெண்களிடம் உட்காருங்கள். அவர் திரும்பி வந்த பிறகு என்ன வேலைக்குப் போனார், எங்கே கேட்டார், என்ன சொல்லி அனுப்பினார்கள், பட்டாளத்திலிருந்து அவர் அனுப்பிய பணம் யார் கையில் வந்து யார் கைக்குப் போனது என்று கேளுங்கள். என் அப்பத்தாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அவர் கணக்குச் சொல்லத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை, அதில் பாதிதான் இதுவரை எழுதி முடித்திருக்கிறேன்.